பட்டியல் போட்டவர்களை விட்டுவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்கள் பற்றித் தங்கள் மாணவர் இணைப்பில் வந்த பக்கத்தைப் பேத்தி சத்தமாகப் படித்துக் காட்டினாள். யான் மாட்செலிகர் பெயர் வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் 22 வருடம் லாஸ்டிங் பிரிவில் நின்றவன் நான். லாஸ்டிங் என்றால், கால் வடிவ அச்சின் மேல் அப்பரை, அதாவது ஷூவின் மேல்தோலை இழுத்து, மூக்குப் பக்கத்தில் சுருக்கம் விழாமல் தோலை மடித்து ஒட்ட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் ஜோடியே ரிஜெக்ட். இது கைவேலைதான், மிஷினுக்கு வராது என்று எல்லோரும் சொன்ன காலத்தில், மாசசூசெட்ஸின் லின் நகரில் அதற்கு மிஷின் செய்து 1883-இல் காப்புரிமை வாங்கியிருக்கிறார் அந்தச் சூரினாம்காரர். காசநோயில் 36 வயதிலேயே போய்விட்டார். அந்த வேலையிலேயே காலம் தள்ளிய எனக்கு இந்தப் பெயர் இத்தனை நாள் தெரியாது.

"இவங்க கறுப்பினத்தவங்கன்னு எப்படித் தாத்தா கண்டுபிடிச்சாங்க?" என்றாள் பேத்தி. பதில் உங்கள் பக்கத்தில் இல்லை. மகனை விட்டுத் தேடச் சொல்லிப் படித்தேன். காப்புரிமைப் பத்திரத்தில் யாருடைய நிறத்தையும் எழுதுவதில்லையாம். ஹென்றி பேக்கர் என்பவர் 1877-இல் வாஷிங்டன் காப்புரிமை அலுவலகத்தில் நகலெழுத்தராகச் சேர்ந்து உதவிப் பரிசோதகராக உயர்ந்தவர், அவரும் கறுப்பினத்தவர்தான். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி, அந்த அலுவலகத்தார் காப்புரிமை வழக்கறிஞர்களுக்குக் கடிதம் போட்டு விசாரித்து, கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களைப் பெயர் பெயராகச் சேர்த்திருக்கிறார்கள். பேக்கர் உட்கார்ந்து சரிபார்த்த பட்டியல் அது.

இந்தக் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி பேக்கர் எழுதிய கட்டுரையை 1917-இல் தன் இதழில் போட்டவர் கார்ட்டர் வுட்சன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, 20 வயதில் உயர்நிலைப் பள்ளிப் படியேறி, 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் சங்கத்தை 1915-இல் சிகாகோவில் தொடங்கினார். 1926-இல் பிப்ரவரியில் ஒரு வாரத்தை அந்த வரலாற்றுக்கென்று ஒதுக்கினார்; 1976 முதல் அது மாதமாயிற்று. பின்னால் அந்தச் சங்கத்துக்கு 15 ஆண்டுகள் தலைவராக இருந்தவர் மேரி மெக்லியோட் பெத்யூன் என்ற ஆசிரியை. அடுத்த பிப்ரவரியில் இந்த மூவருக்கும் அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள்.

அப்புறம் இன்னொன்று. மாட்செலிகர் செய்ததை "ஷூ தைக்கும் இயந்திரம்" என்று போட்டிருக்கிறீர்கள். தையல் வேறு, லாஸ்டிங் வேறு. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷூ தொழிலாளி,
ஆம்பூர்.