எதன் நூற்றுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் '50% + 20% தள்ளுபடி' என்று பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி அதை 70 என்று கூட்டிக்கொண்டு, 2,000 ரூபாய் சேலைக்கு 600 ரூபாயை எண்ணி முடிந்துகொண்டு வந்தார். பில் 800 ரூபாய். பாதி போக மிச்சம் 1,000. அடுத்த 20 சதவீதம் அந்த ஆயிரத்தில்தான் கழியும். ஆக மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம்தான். கல்லாவில் இருந்தவர் இதை எடுத்துச் சொல்லவே இல்லை. சேலையை வைத்துவிட்டு, முகம் வாடித் திரும்பினார் ஆச்சி.

வட்டிக் கணக்கிலேயே வளர்ந்த சீமை இது. 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 2, வருடத்துக்கு 24 சதவீதம் என்று பழைய ஆட்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சதம் என்றால் நூறு. எதன் நூற்றுக்கு என்று கேட்கத்தான் நாம் மறந்துவிடுகிறோம். நகைக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் சின்னதாகத் தெரிகிறது. 8 கிராமுக்கு அது 0.96 கிராம், ஏறக்குறைய ஒரு கிராம் தங்கத்தின் விலை! அதையும் சேர்த்த தொகைக்குத்தான் 3 சதவீத ஜிஎஸ்டி.

கடைக்காரர்கள் தள்ளுபடி போக என்ன விலை என்பதையும் சேலையிலேயே ஒட்ட வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் சதவீதப் பாடத்துக்கு வீட்டில் கிடக்கும் பில்களைக் கொண்டுவரச் சொல்லி, அதை வைத்தே நடத்தலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி