பாசிச்சாறும் ஒட்டுப்புரதமும்: கடலோரத்துக்கு ஒரு பொதுப் புரதச் சேமிப்பகம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டக்கோரை என்னும் பழுப்புக் கடற்பாசியின் சாறு அழற்சியைத் தணிப்பதாகக் கல்லூரி மாணவர்கள் சிலர் கண்டறிந்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். மண்டபத்திலும் பாம்பனிலும் நாள் முழுதும் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைச் சிறுவயது முதல் அறிந்தவன் என்பதால் மகிழ்ந்தேன். ஆயினும், நீண்ட காலம் உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், அச்சோதனை எந்தப் புரதத்தைக் கொண்டு எவ்வாறு செய்யப்பட்டது என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியவில்லை.

உடலில் அடிபட்டாலோ கிருமி நுழைந்தாலோ, இரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள செல்கள் தமக்குள் சேமித்து வைத்திருக்கும் பி-செலக்டின் என்னும் ஒட்டுப்புரதத்தைச் சில நிமிடங்களிலேயே தம் மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. நீரோட்டத்தில் விரையும் வள்ளத்தைக் கயிறு போட்டு மெல்ல மெல்ல வேகம் தணிப்பதைப் போல, அப்புரதம் வெள்ளணுக்களைப் பிடித்தும் விட்டும் அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. பின்னர் வேறு புரதங்கள் அவற்றை உறுதியாக நிறுத்த, அவை குழாய்ச்சுவரைக் கடந்து திசுவுக்குள் நுழைகின்றன. இது நம்மைக் காக்கும் ஏற்பாடுதான்; அளவு மீறி நீடிக்கும்போதே நோயாகிறது.

பாசிச்சாறு இந்த ஒட்டுதலைத் தடுக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிக்க மறுசேர்க்கைப் புரதம் வேண்டும். பி-செலக்டினில் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குரிய மனித மரபணுவை, பெரும்பாலும் சீன வெள்ளெலியின் சூலகச் செல்கள் போன்ற பாலூட்டிச் செல்களுக்குள் செலுத்தி, அவை சுரக்கும் புரதத்தைத் தூய்மைப்படுத்தி உறையவைத்து உலர்த்துகின்றனர். ஈ. கோலை பாக்டீரியாவில் செய்தால் செலவு குறையும். ஆனால் பாலூட்டிச் செல்கள் புரதத்தின் மீது பொருத்தும் சர்க்கரைச் சங்கிலிகள் அதில் அமைவதில்லை. பாக்டீரியாவின் உடலில் உள்ள அகநச்சும் உடன் வந்துவிடக்கூடும். அந்த அகநச்சே இரத்தக்குழாய்ச் செல்களைத் தூண்டி அழற்சியை உண்டாக்கும் என்பதால், அதன் அளவு தெரியாத புரதத்தைக் கொண்டு அழற்சியை ஆராய்வது வீண் வேலையாகும்.

பழுப்புப் பாசிகளில் உள்ள ஃபியூகாய்டன் என்னும் கந்தகம் ஏறிய சர்க்கரைச் சங்கிலி பி-செலக்டினோடு பிணைந்து அதைத் தடுக்கும் என்பது ஏற்கெனவே அறியப்பட்டதே. ஆகவே மாணவர்களின் முடிவு பொய் என்று நான் கூறவில்லை. ஆனால் செலக்டின் ஒட்டுவதற்குக் கால்சியம் இன்றியமையாதது. அதே பாசியில் மிகுதியாக உள்ள ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருள் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆல்ஜினேட்டை நீக்கியோ, கால்சியத்தைக் கூட்டியோ மீண்டும் சோதிக்காவிட்டால், வெள்ளணுக்கள் ஒட்டாமல் போனதற்கு மருந்துக்குணம் காரணமா, கால்சியக் குறைவு காரணமா என்று எவராலும் சொல்ல இயலாது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் கூற வேண்டும். நான் பணியாற்றிய துறைக்கு ஒருமுறை வந்த புரதப் பொதி, இடையில் விடுமுறை நாட்கள் குறுக்கிட்டதால் எங்கோ ஒரு கிடங்கில் தங்கி, உலர்பனி முழுதும் ஆவியான பின்னரே கைக்குக் கிடைத்தது. அதை நாங்கள் கரைத்து வைத்த உறைபெட்டியும் மின்தடையில் இருமுறை உருகி மீண்டும் உறைந்தது. அப்புரதம் பூசிய சோதனைத் தட்டில், பாசிச்சாறு சேர்த்த குழிகளில் வெள்ளணுக்கள் ஒட்டாததைக் கண்டு அனைவரும் மகிழ்ந்திருந்தபோது, சாறே சேர்க்காத குழியிலும் அவை ஒட்டவில்லை என்பதை ஒரு மாணவி எங்களிடம் எடுத்துக்காட்டினார். புரதம் கெட்டுப்போயிருந்தது. ஓராண்டு உழைப்பு வீணானதை நான் இன்றும் மறக்கவில்லை. அந்த மாணவி வாய் திறக்காதிருந்தால் எங்கள் முடிவும் செய்தியாக வந்திருக்கும்.

மண்டபத்தில் கடல்மீன், கடற்பாசி ஆராய்ச்சி நிலையங்களும், தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும், இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில், தடையற்ற மின்சாரத்துடன் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் உறைபெட்டி ஒன்றை அமைத்து, தரச்சான்றும் அகநச்சு அளவும் உறுதி செய்யப்பட்ட ஒட்டுப்புரதங்களை ஒருமுறைக்கு வேண்டிய சிறு பங்குகளாகப் பிரித்து, மாவட்டத்தின் எல்லாக் கல்லூரிகளுக்கும் வழங்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். மைக்ரோகிராம் கணக்கில் விற்கப்படும் இப்புரதத்தை ஒவ்வொரு துறையும் தனித்தனியே வாங்கிப் பாழாக்குவதைவிட இது சிக்கனமானது.

பி-செலக்டினைத் தடுக்கும் கிரிசான்லிசுமாப் மருந்துக்கு 2019இல் அரிவாள்செல் என்னும் பரம்பரை இரத்த நோய்க்காக அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. பின்னர் நடந்த ஆய்வில் எதிர்பார்த்த பயன் காணப்படாததால் 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. அவ்வளவு சோதிக்கப்பட்ட மருந்துக்கே அந்நிலை என்றால், ஒரே சோதனையின் வலிமையில் மூட்டுவலிக்காரருக்குப் பாசித்தூளைப் பரிந்துரைக்கலாகாது. இத்தகைய ஆய்வுச் செய்திகளை வெளியிடும்போது, சாறு சேர்க்காத ஒப்பீட்டுக் குழியின் முடிவையும் ஆய்வாளர்களிடம் கேட்டு வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்,
மண்டபம்