வானத்துக்கு மாஸ்டர் கேஜ் ஏது?

சேலம்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு ஓமலூருக்கு மாற்றல், தினமும் பஸ்தான்.

உன் பேத்தி நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். லடாக்கில் ஹான்லேயில் வைத்த காமா கதிர் தொலைநோக்கியை நம் ஏற்காட்டில் வைத்திருக்கக் கூடாதா? என் பதில் இதுதான்: ஆராய்ச்சிக்கு ஆகாது, கருவியைச் சோதித்துப் பார்க்க ஆகும்.

காமா கதிர் என்பது எக்ஸ் கதிரையும் விட ஆற்றல் மிக்க ஒளி; விண்வெளியிலிருந்து வரும் அது தரைக்கு வந்து சேர்வதில்லை. பல கிலோமீட்டர் உயரத்திலேயே காற்றில் மோதித் துகள்களாகச் சிதறிவிடும். அந்தத் துகள்கள் காற்றில் ஒளி போகும் வேகத்தையும் மிஞ்சிப் பாய்வதால் மங்கலான நீல ஒளி ஒன்று பிறக்கிறது. செரன்கோவ் ஒளி என்பார்கள். ஒரு சில நானோ விநாடிதான் இருக்கும். ஹான்லேயில் உள்ள மேஸ் தொலைநோக்கி 21 மீட்டர் குறுக்களவுள்ள தட்டில் பதித்த கண்ணாடிகளால் அதைத் திரட்டி, மங்கிய ஒளியையும் உணரும் 1,088 போட்டோமல்டிப்ளையர் குழாய்கள் கொண்ட கேமராவுக்கு அனுப்புகிறது.

சரி, அந்தக் கேமரா சொல்லும் கணக்கு சரியா என்று எப்படிப் பார்ப்பது? நாம் வேலை பார்த்த பிரிவில், தெரிந்த எடையை வைத்து அழுத்தம் கொடுக்கும் டெட் வெயிட் டெஸ்டரில் போட்டுப் பார்க்காமல் ஒரு பிரஷர் கேஜையும் நாம் வெளியே விட்டதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் மாஸ்டர் கேஜ்போல, இங்கே காமா கதிரை அளந்து அனுப்ப ஆகாயத்தில் யார் இருக்கிறார்கள்?

இதற்கு விஞ்ஞானிகள் பிடித்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்களும் இதேபோலக் காற்றில் மோதி ஒளி காட்டும். ஒரு காமா கதிருக்கு ஆயிரம் என்ற கணக்கில் வரும் தொந்தரவு அது. அந்த மோதலில் பிறக்கும் மியூவான் என்ற நுண்துகள் தரை வரை வந்துவிடும். கண்ணாடியில் நேராக விழுந்தால் கேமராவில் ஒரு வளையம் பதியும். வளையத்தின் வடிவத்தை வைத்தே எவ்வளவு ஒளி வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். கேமரா குறைத்துக் காட்டினால் கண்ணாடியில் தூசி, அல்லது குழாய்க்கு வயதாகிவிட்டது. கழிவென்று தள்ள வேண்டியதே அளவுகோலாகிவிட்டது, பார்!

இன்னொரு மாஸ்டர் கேஜ் நண்டு நெபுலா, வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். 1989இல் அமெரிக்காவின் விப்பிள் 10 மீட்டர் தொலைநோக்கி அதிலிருந்து வரும் காமா கதிர்களை ஐயமில்லாமல் கண்டது. அதன் பிறகு எந்தப் புதுக் கருவி வந்தாலும் முதலில் அதன் பக்கம் திருப்பிச் சரிபார்ப்பதே வழக்கம்.

ஆனால் எல்லாச் சோதனைக்கும் இருட்டு மலை வேண்டியதில்லை. கண்ணாடிகளை ஒரே புள்ளிக்குத் திருப்புவது, மோட்டார் ஓட்டம், சாய்க்கும்போது தட்டு தன் எடையால் எவ்வளவு வளைகிறது என்று நட்சத்திரங்களைப் படமெடுத்து அட்டவணை போடுவது, இவற்றை ஊருக்குள்ளேயே பார்க்கலாம். இதே வகைத் தொலைநோக்கியின் 12 மீட்டர் மாதிரி ஒன்றை பெர்லின் நகரத்தில்தான் நிறுவினார்கள். பாரிஸை ஒட்டிய இடத்தில் ஒரு சிறு மாதிரி 2015இல் நகர வெளிச்சத்தையும் மீறிச் செரன்கோவ் ஒளியைப் பிடித்துவிட்டது.

அப்படிப் பார்த்தால் ஏற்காடு மோசமில்லை. நண்டு நெபுலா நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே வரும், பத்து டிகிரிதான் விலகல். வம்பு என்னவென்றால், அது இரவெல்லாம் தெரியும் மாதங்கள் தொடங்கும்போதே வடகிழக்குப் பருவமழையும் வந்து சேரும். மேகம் இல்லாத நாளில் மூடுபனி. பகோடா பாயிண்ட் பக்கம் நின்று பார், அடிவாரத்தின் வெளிச்சம் எவ்வளவு கூடிவிட்டது! ஹான்லே 4,270 மீட்டர், நம் மலை 1,500தான். மழை மேகம் அங்கே எட்டிப் பார்ப்பதே அபூர்வம். டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தார்கூட 1970களில் ஊட்டியில் இந்த வேலையைத் தொடங்கி, பிறகு மத்தியப் பிரதேசத்தில் பச்மரிக்குப் போனார்கள்.

பேத்திக்கு இதைப் படித்துக் காட்டு. அவள் கல்லூரியில் பழைய போட்டோமல்டிப்ளையர் குழாய் ஏதாவது சும்மா கிடக்கிறதா என்று விசாரிக்கச் சொல். கிடைத்தால் ஜனவரியில் இருவரும் வாருங்கள், மேலே என் மச்சானின் காபித் தோட்டத்து வீடு காலியாகத்தான் இருக்கிறது. மின்சாரம் ஒழுங்காக வருமா என்று மட்டும் அவனிடம் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
மணி