தும்மினா கசியிற பிரச்சனைய பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன ஞாயிறு மலர்ல சக்கரை வியாதி பத்தி போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு. அதே மாதிரி தும்மினா, இருமினா, சிரிச்சா ஒன்னுக்கு கசியிதே, அத பத்தியும் எழுதுங்க, எங்க பொம்பளைங்க யாரும் வாய தொறந்து சொல்ல மாட்டேங்குறாங்க.

எனக்கு மூணு பிள்ளைங்க, மூணும் சுகப்பிரசவம். இருபது வருஷத்துக்கு மேல செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துல உதிரிப்பழம் பொறுக்கினேன், உர மூட்டை தூக்கினேன். பெரட்டுக்கு, அதான் காலையில வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிறதுக்கு, போற அன்னிக்கு தண்ணியே குடிக்க மாட்டோம், ஏன்னா காட்டுல கக்கூஸ் கிடையாது, ஆம்பளைங்க மரத்துக்கு பின்னாடி போயிடுவாங்க, நாங்க மத்தியானம் வரைக்கும் அடக்குவோம், கொண்டு போன தண்ணி போத்தல் அப்படியே வீட்டுக்கு திரும்பி வரும்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு நாள் சாம்பாருக்கு தாளிக்கிறேன், மிளகா நெடி ஏறி நாலு தும்மல், கைலி நனைஞ்சு போச்சு. பக்கத்துல மருமக. தண்ணி கொட்டிடுச்சும்மான்னு பொய் சொல்லிட்டு போய் மாத்தினேன். அதுக்கப்புறம் கோயில்ல கடைசி வரிசை, தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு பஸ் எடுத்தா நான் வரலன்னுடுவேன். ஒரு டாக்டர் வயசானா அப்படித்தான்னு அனுப்பிட்டாரு. அது தப்பு ஐயா. வேற கிளினிக்ல ஒரு மிஸ்ஸிதான் (நர்ஸ்) காது கொடுத்து கேட்டு பிசியோதெரபிக்கு எழுதி கொடுக்க வச்சாங்க.

அங்கதான் புரிஞ்சுது. இடுப்புக்கு அடியில ஏணை துணி மாதிரி ஒரு தசை இருக்கு, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் தாங்குது. பிரசவம், பாரம் தூக்குறது, மலச்சிக்கல்ல முக்குறது, தீராத இருமல், மாதவிடாய் நிக்கிறது, இதுலல்லாம் அந்த ஏணை தொய்ஞ்சு போகுது. அந்த தசைய கெட்டியாக்க, ஒன்னுக்கையும் காத்தையும் அடக்குற மாதிரி உள்ள இழுத்து புடிச்சு விடணும், மூச்ச அடக்கக்கூடாது, தொடைய இறுக்கக்கூடாது. ஒரு வேளைக்கு எட்டு தடவையாவது, தினம் மூணு வேளை, குறைஞ்சது 3 மாசம் விடாம செய்யணும். ஒன்னுக்கு போறப்பவே நிறுத்தி நிறுத்தி பழகக்கூடாதாம். ஆர்னல்ட் கெகல்னு ஒரு அமெரிக்க டாக்டர் இத 1948லயே எழுதிட்டாரு, எங்க சுங்கை சிப்புட்ல கம்யூனிஸ்ட்டுங்கள எதிர்த்து வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி ஆரம்பிச்ச அதே வருஷம், ஆனா எங்க பாட்டிக்கும் தெரியல அம்மாவுக்கும் தெரியல, அத நினைச்சாதான் எனக்கு வயிறு எரியுது.

தண்ணிய குறைக்காதீங்க, குறைச்சா மூத்திரம் கெட்டியாகி பைய இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் வரும். கோப்பி தேத்தண்ணிய குறைங்க. எரிச்சல், ரத்தம், காய்ச்சல் இருந்தாலோ, கீழ ஏதோ இறங்குற மாதிரி இருந்தாலோ உடனே அரசாங்க கிளினிக் போங்க, ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்).

தோட்ட நிர்வாகங்க வேலைக்காட்டுலயும் பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் வைக்கணும், அதையும் சேர்த்து போடுங்க ஐயா.

அன்னிக்கு பொய் சொன்னேன்ல, அந்த மருமக இப்ப ஏழு மாசம். கர்ப்பமா இருக்கறப்பவே இத செய்றது நல்லதுன்னு மிஸ்ஸி சொன்னாங்க, அதனால எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிட்டேன், ராத்திரி நாடகம் பாக்கறப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே செய்றோம்.

இப்படிக்கு
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்