கொடி இல்லாத பூசணிகள்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

ஒவ்வொரு அக்டோபரிலும் "தோட்டம் திறந்தாயிற்று, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று நான்கு வரி எழுதி அனுப்புவோம். இந்த முறை நான்கு வரி போதாது. காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பூசணித் தோட்டத்தில் எடுத்த ஒரு சிறு காணொளி, கனடாவின் ரொறன்ரோப் பகுதியில் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். "கொடியே இல்லை, காம்பும் வெட்டியிருக்கிறது, பாருங்கள். சந்தையில் வாங்கி வந்து வயலில் பரப்பிவிட்டு, நீங்களே பறியுங்கள் என்று காசு வாங்குகிறார்கள்" என்கிறார் அதில் பேசுபவர்.

விலை கூடிவிட்டது என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்போம். சேற்றில் பிள்ளையின் சப்பாத்து புதைந்தது என்றாலும் சரிதான், புதைந்தது. ஆனால் விளைந்ததை விளையவில்லை என்று சொன்னால் எப்படித் தாங்குவது? அந்தக் காணொளியைப் பார்த்த இரவு என் மனைவி சாப்பிடவில்லை. ஜூன் முழுவதும் முழங்காலில் நின்று களை பிடுங்கியவர் அவர்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஒன்ராறியோவில் மே மாதக் கடைசியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறை கழிந்த பிறகுதான் துணிந்து பூசணி விதை போட முடியும். முந்திப் போட்டால் ஒரே இரவு உறைபனியில் முளை கருகிவிடும். விதை போட்டதிலிருந்து காய் முற்ற நூறு நாளுக்கு மேல் வேண்டும். ஜூலையில் வந்திருந்தால் முழங்கால் உயரத்துக்கு இலை மூடிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூ ஒரே ஒரு நாள் காலையில்தான் விரியும், மதியத்துக்குள் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்தால் உண்டு, இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். பூசணிப் பூவையே நம்பி மண்ணுக்குள் கூடு கட்டி வாழும் ஒரு தனித் தேனீ இனம் இங்கே இருக்கிறது. அதன் ஆண் தேனீக்கள் வாடிய பூவுக்குள்ளேயே படுத்துத் தூங்கும். மதியத்தில் ஒரு வாடிய பூவை மெல்லப் பிரித்துப் பார்த்தால் உள்ளே முறுமுறுக்கும். போன வருடம் வந்த பிள்ளைகளுக்கு அதைக் காட்டினேன், நினைவிருக்கும்.

செப்டெம்பரில் என்ன ஆகிறது? இரவுகள் குளிர்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் சாம்பல் நோய் வந்துவிடுகிறது. இலையெல்லாம் மாவு தூவினாற்போல் வெளுத்து, சுருண்டு, சில வாரங்களில் ஒன்றும் மிஞ்சாது. காய் அதற்குள் முற்றியிருக்கும், கொடிதான் செத்துப்போகும். காணொளியில் காய்களுக்கு நடுவே காய்ந்த கயிறு போல ஏதோ கிடக்கிறதே, அதுதான் கொடி.

இனி வெட்டிய காம்பைப் பற்றி. ஆம், பெரும்பாலான காய்களின் காம்பை நாங்களே முன்கூட்டி வெட்டிவிட்டோம். இரண்டு வருடம் உங்கள் கையிலேயே விட்டுப் பார்த்தோம். காயைத் திருகினால் காம்பு அடியோடு பிய்ந்துவிடுகிறது. பிய்ந்த இடத்தில் நீர் இறங்கி, வீட்டு வாசலில் வைத்த பத்தாம் நாள் மேல்புறம் கொழகொழத்துப்போகிறது. அப்போதும் திட்டு எங்களுக்குத்தான் வந்தது. அதோடு பூசணிக் காம்பில் நுண்ணிய முள் உண்டு. ஒரு சின்னப் பிள்ளையின் உள்ளங்கையில் ஏறிவிட்டது, பிடுங்கி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அதனால்தான் ஒரு சாண் காம்பு விட்டு வெட்டி, கிடந்த இடத்திலேயே பத்து நாள் வெயிலில் விடுகிறோம். தோல் கெட்டிப்படும், கீறல்கள் ஆறும், வீட்டில் நெடுநாள் இருக்கும்.

காணொளி எடுத்த அந்த அண்ணா ஒரே ஒரு காயையாவது தூக்கிப் பார்த்திருக்கலாம் என்பதுதான் எங்கள் வருத்தம். எங்கள் வயலில் ஒரு பெரிய பூசணியைத் தூக்கினால் அடியில் மண் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். வெளிச்சம் படாமல் முளைத்த புல் வெள்ளை நூலாகப் படிந்து கிடக்கும். காயின் அடிப்புறமும் மண்ணோடு ஒட்டியிருந்த இடத்தில் வெளிர் மஞ்சளாக இருக்கும். நேற்று லாரியில் வந்து இறங்கிய காய்க்குக் கீழே அந்தக் குழி எப்படி வரும்?

இந்த மண்ணுக்குப் பூசணி புதிதும் அல்ல. ஒன்ராறியோவின் ஸ்டோஃப்வில்லில் அகழ்ந்தெடுத்த, வெண்டாட் என்னும் பூர்வகுடி மக்களின் ஊர் 400 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. சோளம், அவரை, பூசணி மூன்றையும் சேர்த்து வளர்த்த மக்கள் அவர்கள். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து, பரங்கியர் என்று அழைக்கப்பட்ட ஐரோப்பியர் வழியாகக் கடல் கடந்து போனதால்தான் தமிழ்நாட்டில் அதற்குப் பரங்கிக்காய் என்ற பெயரே வந்தது.

காயைத் தெரிந்தெடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பாதி மனக்கசப்பு இதில்தான் வருகிறது. முதலில் எதற்கு வாங்குகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய காயைக் கறிக்கு வாங்கிப்போய், "நார் நாராக, தண்ணீராக இருந்தது" என்று சொல்வது நியாயமில்லை. அது செதுக்குவதற்கென்றே வளர்த்த இனம். கறிக்கும் பாயசத்துக்கும் தனி வரிசையில் நாலைந்து இறாத்தல் (பவுண்டு) எடையுள்ள சிறிய காய்கள் இருக்கின்றன. சதை தடிப்பு, இனிப்பு. தேங்காய்ப் பால் விட்டுப் பால்கறி வைத்தால் ஊர்ப் பூசணிக்குக் கொஞ்சமும் குறையாது.

எதை எடுத்தாலும் கட்டைவிரல் நகத்தால் தோலை அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் அது முற்றவில்லை. காம்பு கட்டைபோல் இறுகியிருக்க வேண்டும். காயைத் திருப்பி அடிப்புறத்தை விரலால் சுற்றிவர அமுக்குங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும். செதுக்குவதற்கென்றால் தரையில் ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். தூக்கும்போது தயவுசெய்து காம்பைப் பிடிக்காதீர்கள், அது கைப்பிடி அல்ல. பிள்ளையைத் தூக்குவதுபோல் அடியில் கை கொடுங்கள். செதுக்குவதை 31ஆம் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய காய் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. அலங்காரத்துக்கு வைத்திருக்கும் வளைந்த, பொரிப்பொரியான குட்டிக் காய்களைச் சமைக்கவே வேண்டாம். கசக்கும், உடலுக்கும் ஆகாது. எந்தப் பூசணியானாலும் நாக்கில் கசந்தால் துப்பிவிடுங்கள், வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது.

சரஸ்வதி பூசைக்கும் ஆயுத பூசைக்கும் நீற்றுப்பூசணி கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு சொல். களஞ்சியத்தின் முன்னால் பெட்டிகளில் இருக்கும் வெள்ளைப் பூசணி அது அல்ல. தோல் மட்டும்தான் வெள்ளை, உள்ளே மஞ்சள். அந்த வெள்ளைக் காய்களும் தட்டையான சிவப்புக் காய்களும் பூத்த வாரம் முழுக்க மழை பெய்து பிஞ்சு பிடிக்காததால், இந்த ஆண்டு தெரிந்த ஒரு தோட்டக்காரரிடம் எடுத்தவை. வயலில் கிடப்பது அத்தனையும் எங்களுடையது.

நுழைவுக் கட்டணம் இந்த ஆண்டு முதல் தலைக்கு 5 டாலர். காப்புறுதித் தொகை ஏறிவிட்டது, கூலியும் ஏறிவிட்டது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. உழவு இயந்திரம் ஓட்டிய தம்பி படிப்புக்காக வேறு ஊர் போய்விட்டதால் வைக்கோல் வண்டிச் சவாரி சனி, ஞாயிறு மட்டும்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் திங்கட்கிழமை காலையே வந்து நின்றவர்களை நாங்கள் மறக்க மாட்டோம். முதல் வருடம், பெயர்ப் பலகைகூட இல்லாத காலத்தில், பாதை கேட்டுக் கேட்டு வந்த குடும்பங்கள் நீங்கள். அன்று தூக்கி வந்த குழந்தைகள் இன்று எங்கள் தள்ளுவண்டியைத் தாங்களே தள்ளிக்கொண்டு போகிறார்கள். எண்பது வயது தாண்டிய ஓர் அம்மா ஆண்டுதோறும் வருவார். இருபது காயைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பார். விதையைக் கழுவிக் காயவைத்து எனக்கே ஒரு பொட்டலம் திருப்பிக் கொடுப்பார். இந்தத் திங்கட்கிழமையும் வந்தார். காணொளியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "தம்பி, சின்னக் காய் எந்தப் பக்கம்?" என்று மட்டும்தான் கேட்டார். அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

கொடியோடு இருக்கும் காயைத் தன் கையால் வெட்ட வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகளுக்காக மேற்கு வேலியோரம் நான்கு வரிசையைத் தொடாமல் விட்டிருக்கிறோம். கத்தரிக்கோலும் கையுறையும் என்னிடம் இருக்கின்றன, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காணொளி எடுத்த அண்ணாவும் குடும்பத்தோடு வரட்டும், கட்டணம் வேண்டாம். எந்த வரிசையில் வேண்டுமானாலும் அவரே ஒரு காயைத் தூக்கிப் பார்க்கட்டும்.

ஹாலோவீன் வரை தினமும் காலை 10 மணி முதல் இருட்டும் வரை திறந்திருக்கும். மழை பெய்த மறுநாள் வந்தால் பிள்ளைகளுக்கு ரப்பர் சப்பாத்துப் போட்டு அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்துக் குடும்பத்தார்