கறுப்பர் யாருங்கறத தோலை வச்சு சொல்லிட முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மனித இனங்கள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். கறுப்பினத்தவர்னா கறுத்த தோல், சுருட்டை முடி, தடிச்ச உதடுன்னு ஒரே வரில முடிச்சிட்டாரு எழுதினவரு. சார், அது அவ்ளோ சுலபமா முடியற சமாச்சாரம் இல்ல. தென்னாப்பிரிக்காவ மட்டும் எடுத்துக்கோங்க, அங்க யாரு கறுப்பர்ங்கறத சட்டம், அதிகாரி, கோர்ட்டு, போராட்டக்காரங்கன்னு ஆளாளுக்கு ஒரு காலத்துல ஒரு மாதிரி முடிவு பண்ணிருக்காங்க.

1950ல அங்க மக்கள்தொகைப் பதிவுச் சட்டம்னு ஒண்ணு வந்துது. ஒவ்வொருத்தருக்கும் வெள்ளையர், கலர்ட் (கலப்பினத்தவர்), நேட்டிவ் (ஆப்பிரிக்கர்)னு ஒரு முத்திரை, அங்க போன நம்ம இந்திய ஆளுங்கள கலர்டுக்குள்ள ஒரு உட்பிரிவா போட்டு வச்சு அப்புறம்தான் இந்தியர்னு தனியா பிரிச்சாங்க. இதுல வேடிக்கை என்னன்னா வெள்ளையர் யாருங்கறதுக்கு அந்த சட்டம் குடுத்த விளக்கமே பார்க்க வெள்ளையா தெரியணும், இல்லன்னா ஊரு உலகம் வெள்ளையர்னு ஒத்துக்கணும், அவ்ளோதான். ரத்தம், மரபணு, பரம்பரைன்னு கட்டுரையில பெருசா எழுதிருக்காரே, அந்த இனவெறி அரசாங்கமே அதை வச்சு உறுதியா ஒரு கோடு போட முடியாம திணறிருக்கு. சந்தேகம் வந்தா தலைமுடில பென்சில சொருகிப் பாப்பாங்க, வழுக்கி விழுந்தா வெள்ளையர், சிக்கி நின்னா இல்ல. இது கட்டுக்கதை இல்ல சார், நிஜமாவே செஞ்சாங்க.

சாண்ட்ரா லெயிங்னு ஒரு பொண்ணு, 1955ல பொறந்தது, அப்பா அம்மா ரெண்டு பேரும் வெள்ளையர்னு பதிவானவங்க, ஆனா பொண்ணு மாநிறம், முடி சுருட்டை. 10 வயசுல ஸ்கூல விட்டு போலீஸ் வச்சு வெளிய அனுப்பி 1966ல கலர்ட்னு மாத்தி எழுதிட்டாங்க. அப்பா விடாம போராடினாரு, அடுத்த வருஷம் சட்டத்தையே திருத்தி வெள்ளையர் ரெண்டு பேருக்கு பொறந்தா வெள்ளையர்தான்னு ஆக்கினதுல அவ மறுபடியும் வெள்ளையர் ஆயிட்டா. ஆனா பேப்பர் மாறினா போதுமா, அக்கம்பக்கம் சேத்துக்கணுமே, அது நடக்கல. வளந்தப்புறம் அவ ஒரு கறுப்பின ஆள் கூட போயி அந்த சனங்களோடயே வாழ ஆரம்பிச்சா, அப்பா உறவையே முறிச்சுக்கிட்டாரு. இந்தப் பொண்ணோட இனம் என்னன்னு கட்டுரையாளர் சொல்லட்டும் பாப்போம். ஜப்பான்காரங்க கதை இன்னும் நல்லாருக்கும், வியாபாரம் வேணும்ங்கறதுக்காக அவங்களுக்கு கௌரவ வெள்ளையர்னு பட்டம் குடுத்துட்டாங்க, சீனாக்காரங்களுக்கு கிடையாது.

இப்ப நம்ம ஆளுங்க சமாச்சாரத்துக்கு வரேன், இதுக்காகத்தான் இந்த லெட்டரே. 1860 நவம்பர்ல ட்ரூரோங்கற கப்பல் மெட்ராஸ்ல இருந்து தென்னாப்பிரிக்காவுல இருக்கற டர்பன் துறைமுகத்துக்கு போய் சேந்துது, அதுல ஆரம்பிச்சு கரும்புத் தோட்டத்து கூலிக்கு போனவங்களோட வாரிசுங்கதான் இன்னைக்கு அங்க இருக்கற மூட்லி, நாயுடு, கோவெந்தர், பிள்ளை எல்லாம். தோல் கறுப்பை வச்சு பாத்தா இவங்கள்ல எத்தனையோ பேரு அங்கத்து ஆப்பிரிக்கரவிட கறுப்புதான், ஆனா சட்டப்படி இந்தியர். ஆப்பிரிக்கர் மாதிரி பாஸ் புத்தகம்ங்கற நடமாட்ட அனுமதிச் சீட்ட கைல வச்சுக்கிட்டு திரிய வேண்டாம், அதே சமயம் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்ங்கற மாகாணத்துல குடியிருக்க உரிமை கிடையாது, டர்பன்ல கேட்டோ மேனர்ங்கற பகுதில இருந்த வீட்டை விட்டுக் கெளப்பி சாட்ஸ்வொர்த்ங்கற இந்தியர் குடியிருப்புல கொண்டு போய் கொட்டினாங்க. நடுப்படியில நிக்க வச்ச மாதிரி, மேல இருக்கறவனப் பாத்து ஏங்கணும், கீழ இருக்கறவனப் பாத்து பயப்படணும்.

இந்த ஏற்பாட்டை ஒடைச்சது ஸ்டீவ் பீக்கோ. டர்பன்ல வெள்ளையர் அல்லாதவங்களுக்குன்னு தனியா நடத்தின மெடிக்கல் காலேஜ்ல படிச்ச பையன். அவரும் கூட்டாளிங்களும் 1960கள் கடைசில சாசோங்கற (தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு) சங்கத்த ஆரம்பிச்சு, 1971ல கறுப்பர் யாருங்கறதுக்கு ஒரு விளக்கம் எழுதினாங்க. சட்டத்தாலயோ வழக்கத்தாலயோ ஒரு கூட்டமா ஒடுக்கப்பட்டு, அதை எதிர்த்து ஒண்ணா நிக்கிறவங்க யாரோ அவங்கதான் கறுப்பர், அது ஆப்பிரிக்கரா இருந்தாலும் சரி கலர்டா இருந்தாலும் சரி இந்தியரா இருந்தாலும் சரி. பீக்கோ இன்னொரு படி மேல போயிட்டாரு. வெள்ளைக்காரன் அரசாங்கத்துக்கு போலீஸ் வேல பாக்கறவன், அவன மாதிரி ஆகத் துடிக்கறவன், எவ்ளோ கறுப்பா இருந்தாலும் அவன் வெறும் வெள்ளையர் அல்லாதவன்தான், கறுப்பன் கெடையாதுன்னாரு. எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்சது. ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர்னு டர்பன் இந்தியப் பசங்க இதை சும்மா வாயளவுல சொல்லல, 1974 செப்டம்பர்ல கூட்டம் போட்டதுக்கு கேஸ் நடந்து ராபன் தீவு ஜெயிலுக்குப் போனாங்க. கூப்பரோட முழுப்பேரு சதாசிவன். பீக்கோ 1977 செப்டம்பர் 12ஆம் தேதி போலீஸ் காவல்ல அடிபட்டு செத்தாரு, அப்ப அவருக்கு 30 வயசு.

நம்மாளுங்க எல்லாரும் இப்படி இருந்தாங்கன்னு சொன்னா அது பொய். 1949ல டர்பன் கலவரத்துல ஆப்பிரிக்கரும் இந்தியரும் மோதிக்கிட்டு 142 பேரு செத்தாங்க, அந்த பயம் பல குடும்பங்கள்ல இன்னும் போகல. 1984ல ஆப்பிரிக்கர ஒதுக்கிட்டு இந்தியருக்கும் கலர்டுக்கும் மட்டும் நாடாளுமன்றத்துல தனித்தனி சபைன்னு ஆசை காட்டினப்ப வாக்காளர் பட்டியல்ல இருந்த இந்தியர்ல சுமார் 5ல ஒருத்தர்தான் ஓட்டு போட்டாங்க, அது நல்ல விஷயம், ஆனா அதே மக்கள்ல நெறைய பேரு 1994ல மண்டேலா கட்சிய விட்டுட்டு பழைய இனவெறி கட்சிக்கே ஓட்டு போட்டிருக்காங்க. 2021 ஜூலை கலவரத்துல டர்பன் பக்கத்துல இருக்கற ஃபீனிக்ஸ்ல 30 பேருக்கு மேல கொல்லப்பட்டாங்க, பெரும்பாலும் ஆப்பிரிக்கர், அது இந்தியர் அதிகமா இருக்கற ஏரியா. கறுப்பர்னு பேரு வச்சுக்கிட்டா மட்டும் ஒட்டிக்காது, நடந்துக்கற விதத்துலதான் இருக்கு.

சட்டமும் இப்ப பாதி வழி பீக்கோ பக்கம் வந்திருக்கு. 1998ல வந்த வேலைவாய்ப்பு சமத்துவ சட்டத்துல கறுப்பர்னா ஆப்பிரிக்கர், கலர்ட், இந்தியர் மூணு பேரும்னு போட்டிருக்கு, 2008ல பிரிட்டோரியா ஹைகோர்ட் அங்கயே பழைய காலத்துல இருந்து வாழற சீனர்களையும் அதுல சேத்துடுச்சு. ஜனத்தொகை கணக்கெடுப்புல அவங்கவங்க சொல்றதுதான், 2022 கணக்குப்படி 81.4 சதவீதம் பேரு கறுப்பு ஆப்பிரிக்கர், இந்தியர் அல்லது ஆசியர்னு சொன்னவங்க 2.7 சதவீதம். ஆக கணக்கெடுப்புல ஒரு மூட்லி இந்தியர், வேலைக்கு மனு போட்டா கறுப்பர். ரெண்டும் ஒரே ஆளு, அதே தோலு.

கட்டுரைக்குக் கீழ 'தொடரும்'னு போட்டிருந்துது. அடுத்த பகுதில மூக்கு அகலம் உதடு தடிப்பு அளக்கறத விட்டுட்டு யாரு யாரை எதுக்காக கறுப்பர்னு எழுதி வச்சாங்க, அந்தப் பேரை யாரு பிடுங்கி தன்னோடதா ஆக்கிக்கிட்டாங்கன்னு எழுதச் சொல்லுங்க, டர்பன் ஆளுங்களையும் அதுல ஒரு பத்தி சேக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாறு வாத்தியார்,
ஆற்காடு