பீட்டில்ஸின் ஸ்டுடியோ ஆல்பங்கள் பதினொன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றி வெளியான கட்டுரையில், அவர்களுடைய ஸ்டுடியோ ஆல்பங்கள் 12 என்று எழுதப்பட்டிருந்தது. மறுவாரமே ஒரு வாசகர் அது 13 என்று திருத்தம் சொன்னார். அவரை மறுத்து இன்னொருவர், இங்கிலாந்தில் வெளியானவற்றை மட்டும் எண்ண வேண்டும், எனவே 12-தான் சரி என்று எழுதினார். இருவரும் விவரம் தெரிந்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், எதை ஸ்டுடியோ ஆல்பம் என்கிறோம் என்று முடிவு செய்யாமலேயே இருவரும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். என் கணக்கில் வருவது 11.

தகராறு முழுவதும் ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ என்ற ஒன்றைச் சுற்றியே நடக்கிறது; 13 என்பவர் அதைச் சேர்க்கிறார், 12 என்பவர் விடுகிறார். நான் அதை முதன்முதலில் கேட்டது கேசட்டில். 11 பாடல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதால், ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலும் அதே பெயர் கொண்ட தொலைக்காட்சிப் படத்துக்காக உருவானது என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டில் இங்கிலாந்துப் பதிப்பைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றுதான் அந்த நம்பிக்கை கலைந்தது. அது ஒரு முழு ஆல்பம் அடங்கும் பெரிய எல்.பி. தட்டே அல்ல. 7 அங்குலத் தட்டுகள் இரண்டு; அவற்றுக்கு நடுவே படங்கள் நிறைந்த ஒரு சிறு புத்தகம்; நான்கு பக்கங்களிலுமாக மொத்தம் ஆறே பாடல்கள். அவற்றுள் ‘ஐ ஆம் தி வால்ரஸ்’ தனியாகவே ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தது. 1967 டிசம்பர் 8 அன்று இந்த இரட்டை ஈ.பி.யாகத்தான் (சில பாடல்கள் மட்டும் கொண்ட சிறு தட்டு ஈ.பி.) அது இங்கிலாந்தில் வெளியானது. அங்கே விற்பனைப் பட்டியலிலும் பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிங்கிள் தட்டுகளோடு சேர்த்தே அதை வைத்தார்கள். இரண்டாம் இடம் வரை ஏறியது. முதலிடத்தைத் தராமல் மறித்து நின்றதும் அதே குழுவின் ‘ஹலோ குட்பை’தான்.

11 பாடல் கொண்ட எல்.பி. அமெரிக்காவில் அவர்களுடைய தட்டுகளை வெளியிட்ட கேபிட்டல் நிறுவனம் செய்த வேலை. அங்கே ஈ.பி. தட்டுகளுக்கு நல்ல சந்தை இல்லை. எனவே படத்தின் ஆறு பாடல்களை ஒரு பக்கத்தில் வைத்து, அந்த ஆண்டு சிங்கிளாக வெளிவந்திருந்த ஐந்து பாடல்களை மறுபக்கத்தில் நிரப்பி, நவம்பர் 27-ஆம் தேதியே கடைக்கு அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரியில் வந்த ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’, ‘பென்னி லேன்’, ஜூலையில் வந்த ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’ என்று ஒவ்வொன்றும் வேறொரு வேளையில், வேறொரு காரணத்துக்காகப் பிறந்தவை. அவசரத்தில் அந்த ஐந்தில் மூன்று பாடல்களை ஒற்றை ஒலித்தடத்திலிருந்து செயற்கையாகப் பிரித்த போலி ஸ்டீரியோவாகவே அச்சிட்டிருந்தார்கள். குழுவினர் உட்கார்ந்து வரிசைப்படுத்திய ஆல்பமாக அது இருந்திருந்தால் இப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை.

கேபிட்டல் நிறுவனத்துக்கு இது புதிய பழக்கமும் அல்ல. 14 பாடல்களோடு லண்டனில் வெளியான ‘ரிவால்வர்’ அமெரிக்காவுக்குப் போனபோது 11 பாடல்களாக இளைத்துப் போனது. விடுபட்ட மூன்றும் குழுவின் ஜான் லெனன் பாடியவை. அவற்றை ஏற்கெனவே ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ என்ற அமெரிக்கத் தொகுப்பில் சேர்த்துவிட்டிருந்தார்கள். 13 என்று சொல்லும் வாசகர் ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’வைத் தம் பட்டியலில் சேர்ப்பாரா? சேர்க்க மாட்டார். அப்படியானால் ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ எல்.பி.க்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

காரணம் 1987. பீட்டில்ஸ் பாடல்கள் குறுந்தகடுகளாக வந்தபோது உலகம் முழுவதற்கும் இங்கிலாந்து வரிசையையே பொதுவாக்கினார்கள். ஆறு பாடல் ஈ.பி.யைத் தனித் தகடாக வெளியிடுவதைவிட அமெரிக்க எல்.பி. வசதியாக இருந்ததால் அதையும் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். எந்த ஆல்பத்திலும் இடம்பெறாத மற்றப் பாடல்கள் 1988-இல் ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ என்ற இரண்டு தொகுதிகளுக்குப் போயின. ஆக, 13 என்பது விற்பவர்கள் அலமாரியில் அடுக்கிய வரிசை. அடுக்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதையே குழுவின் படைப்பு வரலாறாக எழுதும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

‘ஸ்டுடியோ’ என்ற சொல்லும் நம்மைத் திசைதிருப்புகிறது. ‘லெட் இட் பி’ ஸ்டுடியோ ஆல்பம் என்பதில் எவருக்கும் சண்டையில்லை. ஆனால் அதிலுள்ள மூன்று பாடல்கள் 1969 ஜனவரி 30 அன்று லண்டன் சேவில் ரோவில் அவர்களுடைய அலுவலக மொட்டைமாடியில், குளிர்காற்றில் நின்றபடி வாசித்துப் பதிவானவை. 1994-இல் வந்த ‘லைவ் அட் தி பிபிசி’யோ பெரும்பாலும் வானொலி நிலையத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பதிவானது; அதை யாரும் ஸ்டுடியோ ஆல்பம் என்பதில்லை. குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1968 ஜனவரியில் பம்பாய் வந்து, எச்.எம்.வி. ஸ்டுடியோவில் நம் நாட்டு இசைக்கலைஞர்களை வைத்து ‘தி இன்னர் லைட்’ பாடலின் இசையைப் பதிவு செய்து எடுத்துச் சென்றார். அது சிங்கிள் ஒன்றின் பின்பக்கத்தில் வந்ததோடு சரி. 12 என்றாலும் 13 என்றாலும் எந்த ஆல்பத்திலும் அதற்கு இடமில்லை. (நம் ஊர் வாத்தியங்கள் ஒலிக்கும் பாட்டு ஆயிற்றே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.)

பதிவான இடம் பொருட்டல்ல என்றால் எது பொருட்டு? குழுவினரும், அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்த தயாரிப்பாளரும், இந்தப் பாடல்கள் சேர்ந்தது ஓர் ஆல்பம் என்று எண்ணி உருவாக்கினார்களா என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன். இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும்: முதல் ஆல்பமான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மி’யிலும் ஏற்கெனவே வெளியான நான்கு பாடல்கள் இருக்கின்றனவே, அதை மட்டும் எப்படி ஏற்கிறீர்கள்? மீதிப் பத்துப் பாடல்களையும் 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில், ஓர் ஆல்பம் வேண்டும் என்பதற்காகவே பதிவு செய்தார்கள். ஜலதோஷத்தால் தொண்டை கட்டியிருந்த லெனன், அன்றிரவு கடைசியாக ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ பாடலைக் கத்திப் பாடி முடித்ததை அந்தத் தட்டில் இன்றும் கேட்கலாம். நான்கு பழைய பாடல்கள் அந்த வேலைக்குள் வந்து சேர்ந்தன. கடல் கடந்து இன்னொரு நிறுவனம் ஒட்டவைத்த ஐந்து பாடல்களோடு இதை ஒப்பிட முடியாது.

இதே அளவுகோல்தான் என்னை 12-ஐயும் விட்டு 11-க்குக் கொண்டுபோகிறது. 1969 ஜனவரியில் வந்த ‘யெல்லோ சப்மரீன்’ தட்டில் பீட்டில்ஸ் பாடல்கள் ஆறு. அவற்றில் இரண்டு முன்பே வெளியானவை. புதிய நான்கில் ‘ஒன்லி எ நார்தர்ன் சாங்’, ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்ப வேலையின்போது பதிவாகி அந்த ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் கழிந்தது. இரண்டாம் பக்கம் முழுவதும் அதே பெயர் கொண்ட கார்ட்டூன் படத்துக்காகத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அமைத்த வாத்தியக்குழு இசை. படப் பாடல்கள் என்பதற்காக நான் இதை ஒதுக்கவில்லை. ‘எ ஹார்ட் டேஸ் நைட்’டும் படத்தோடு வந்ததுதான், ஆனால் அதன் இரு பக்கங்களிலும் உள்ள 13 பாடல்களும் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிக் குழுவே பாடி வாசித்தவை. 2009-இல் மோனோ (ஒற்றை ஒலித்தட) பதிவுகளைப் பெட்டியாக வெளியிட்டபோது, அந்தத் தட்டுக்கென்று தனி மோனோ கலவை வெளிவந்ததில்லை என்ற தொழில்நுட்பக் காரணத்துக்காக ‘யெல்லோ சப்மரீன்’ தட்டை விட்டுவிட்டு, அந்தப் புதிய பாடல்கள் நான்கையும் உதிரிப் பாடல்களின் தொகுப்பில் சேர்த்தார்கள். காரணம் எதுவானாலும், அவற்றுக்குரிய இடம் அதுவே என்பது என் கருத்து.

‘லெட் இட் பி’யும் இந்த அளவுகோலில் தேறாது என்று சிலர் சொல்லக்கூடும். அதை இறுதியாக்கிய தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ பாடலில் தம்மைக் கேளாமலேயே வயலின்களையும் கோரஸ் குரல்களையும் சேர்த்துவிட்டார் என்று மெக்கார்ட்னி மனம் நொந்தது உண்மைதான். ஆனால் 1969 ஜனவரியில் அவர்கள் பதிவு செய்தவை ஆல்பமாகவே திட்டமிடப்பட்டன. நாடாக்களை ஸ்பெக்டரிடம் ஒப்படைத்ததில் லெனனுக்கும் ஹாரிசனுக்கும் பங்குண்டு. விடுபட்டிருந்த ‘ஐ மி மைன்’ பாடலை முடிப்பதற்கென்றே லெனன் நீங்கலாக மூவரும் 1970 ஜனவரியில் மீண்டும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மனக்கசப்போடு முடித்தாலும் அது அவர்கள் முடித்த வேலை.

கேட்கும் இன்பத்தை வைத்துப் பார்த்தால் ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ எல்.பி.யின் இரண்டாம் பக்கத்துக்கு ஈடாக ‘பீட்டில்ஸ் ஃபார் சேல்’ ஆல்பம் முழுவதையும் கொடுக்க நான் தயார். அது என் விருப்பம், கணக்கு வேறு. எனினும் உலகெங்கும் அச்சில் 13 என்றே நிலைத்துவிட்டதால், தங்கள் நாளிதழும் இனி அவ்வாறே எழுத நேரிடலாம். அப்படி எழுதும்போது ‘1987-ஆம் ஆண்டுக் குறுந்தகடு வரிசைப்படி’ என்ற சொற்களையும் உடன் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஸ்ரீரங்கம்